அந்திக் கடலின் எழுதாத ஏடு: மண்டைதீவுக் களங்கண்டியும் நுவரெலியா ட்ரவுட்டும்

1882ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த ட்ரவுட் மீன் முட்டைகள் நுவரெலியா மலையின் குளிர்ந்த நீரில் குஞ்சு பொரிக்க விடப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் வானவில் ட்ரவுட் என்ற இன்னோர் இனமும் கொண்டுவரப்பட்டது. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் என்ற அமைப்பு தொடங்கியது. மலைநாட்டு ஓடைகளில் யார், எப்போது, எப்படி மீன் பிடிக்கலாம் என்பதைக் கவனித்துக்கொள்ள ஒரு நிர்வாகம் உருவாயிற்று. அதே 1896இல் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 27 ஆண்டுகள் அரசாங்க அதிபராக இருந்த வில்லியம் துவைனம் ஓய்வு பெற்றார். வடகடலை அவரளவுக்கு அறிந்த வெள்ளைக்கார அதிகாரி வேறொருவர் இல்லை என்று அக்காலத்தில் பேர்பெற்றவர் அவர். ஆனால் அவருடைய கடலறிவு ஏடேறிய இடம் பெரும்பாலும் மன்னார் முத்துக்குளிப்பு. யாழ்ப்பாண நகருக்கு எதிரே, பண்ணைக் கடலுக்கு அப்பால் கிடந்த மண்டைதீவின் ஆழமற்ற நீரில் மாலைதோறும் நடந்த மீன்பிடித் தொழிலை யாரும் அந்த அக்கறையோடு எழுதி வைக்கவில்லை. ஒரே இலங்கையில், ஒரே ஆட்சியில், ஒரே அந்திப் பொழுதில் இரண்டு மீன்பிடிகள் நடந்தன. ஒன்று கலை என்று மதிக்கப்பட்டது; மற்றது பிழைப்பு என்று ஒதுக்கப்பட்டது. இந்தப் பிரிவினை மீன்களின் இயல்பிலிருந்து வந்ததுமில்லை, திறமையின் அளவிலிருந்து வந்ததுமில்லை. எழுதும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதிலிருந்தே வந்தது. அதன் விலையை யாழ்ப்பாணக் களப்பு இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மலையில் மதிக்கப்பட்ட அந்தக் கலைக்குரிய மரியாதையைச் செலுத்திவிடுவோம். ஆங்கிலேயர் டிரை ஃபிளை என்று சொல்லும் முறை இங்கிலாந்தின் தென்பகுதியில், டெஸ்ட், இட்சன் போன்ற சுண்ணாம்புப் படுகை ஆறுகளில் வளர்ந்தது. ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்டு 1886இலும் 1889இலும் எழுதிய நூல்கள் அதற்கு இலக்கணம் வகுத்தன. தூண்டில் முள்ளில் சேவல் இறகும் மெல்லிய நூலும் சுற்றி, நீரில் மூழ்காமல் மிதக்கும் ஒரு பொய்ப்பூச்சியைச் செய்கிறார்கள். நீரடியில் ஓராண்டோ இரண்டாண்டோ புழுவாக வாழ்ந்த பூச்சி சிறகு முளைத்து மேலே வந்து, சில மணிநேரமோ ஒருநாளோ பறந்து, மாலையில் முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிறது. முட்டையிட்டதும் சோர்ந்து சிறகு விரித்தபடி நீர்மேல் விழுகிறது. அந்த வேளையில் ட்ரவுட் மேலே வந்து ஒவ்வொன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. அன்று விழும் பூச்சி எது, அதன் நிறமென்ன, நீரோட்டம் அதை எந்த வேகத்தில் கொண்டுபோகிறது, மீன் எந்தக் கல்லின் பின்னால் நிற்கிறது என்பதையெல்லாம் அறிந்து, இழை நீரில் இழுபடாதபடி அந்த மீனின் தலைக்கு மேலே சற்று முன்னால் பொய்ப்பூச்சியை இறக்க வேண்டும். இழை சிறிது இழுபட்டாலும் பூச்சி ஓட்டத்துக்கு மாறாக நகரும். மீன் அதைக் கண்டுகொள்ளும். பொறுமை, கவனிப்பு, நீரைப் பற்றிய அறிவு மூன்றும் சேர்ந்த தொழில்நுட்பம் இது. இதைக் கலை என்று சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கலையின் கருவிகளில் நம் நாடுகளின் பங்கும் உண்டு. தென்னிந்தியக் காட்டுச்சேவலின் கழுத்து இறகு ஆங்கிலேயத் தூண்டில் கட்டுபவர்கள் விரும்பித் தேடிய பொருள். கல்கத்தாவிலிருந்து போன மூங்கிலைப் பிளந்து ஒட்டியே ஒருகாலத்தில் அவர்களின் சிறந்த தூண்டில் கோல்கள் செய்யப்பட்டன.

ஆனால் இக்கலை இலங்கைக்கு வந்தபோது எதையெல்லாம் கூடவே கொண்டுவர வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மீனைக் கொண்டுவந்தார்கள். அது தானாகப் பெருகாத இடத்தில் நுவரெலியாவில் பொரிப்பகம் அமைத்துக் குஞ்சுகளை ஓடைகளில் விட்டார்கள். முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் இந்நாட்டில் நிலைகொள்ளவில்லை; வானவில் ட்ரவுட் மட்டும் ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் தானே இனப்பெருக்கம் செய்து நின்றது. நீலகிரியிலும் கதை ஏறத்தாழ இதுவே. 1860களில் பிரான்சிஸ் டே செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே ட்ரவுட் அங்கே நிலைத்தது. இலங்கையிலிருந்து சென்ற முட்டைகளும் அதற்கு உதவின. கொண்டுவர முடியாத ஒன்றும் இருந்தது. அது ஆங்கிலேய அந்தி. தென் இங்கிலாந்தின் ஜூன் மாதத்தில் சூரியன் இரவு ஒன்பது மணிக்குப் பின் மறையும். மறைந்த பின்னும் முக்கால் மணிநேரம் போல வெளிச்சம் நிற்கும். நுவரெலியா நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஆறு மணியையொட்டிச் சூரியன் மறைந்து, இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் இருட்டிவிடும். நீண்ட மாலையை நம்பிப் பிறந்த ஒரு வழக்கம், மாலையே குறுகிய நாட்டில் அரசின் ஆதரவாலும் பணத்தாலும் பராமரிக்கப்பட்டது. மலையின் காப்பித் தோட்டங்கள் 1869இல் தொடங்கிய இலைநோயில் அழிந்து தேயிலை எழுந்த காலம் அது. தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த தொழிலாளர் அந்த ஓடைகளின் கரையிலேயே லயங்களில் வாழ்ந்தார்கள். ஓடையில் விட்ட மீன் அவர்களுக்காக விடப்பட்டதன்று.

இனி மண்டைதீவுக்கு வருவோம். யாழ்ப்பாணக் கோட்டைக்கும் குருநகருக்கும் எதிரே, களப்பின் மேற்கு வாயிலில் கிடக்கும் சிறிய தீவு அது. பண்ணையிலிருந்து தீவகத்துக்குப் போகும் தாம்போதி அதனருகே அல்லைப்பிட்டி நோக்கிப் போகிறது. கிழக்கே கிளாலி வரை நீளும் களப்பு நீருக்கும், மேற்கே பாக்கு நீரிணையின் நீருக்கும் இடையே நாளும் நடக்கும் போக்குவரத்தின் வழியில் மண்டைதீவு இருக்கிறது. களப்பின் பெரும்பகுதி ஆள் நின்று நடக்கக்கூடிய ஆழம்தான். அடியில் சேறும் மணலும் கடற்புல்லும். வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நீர்மட்டம் ஒரு மீற்றருக்கும் குறைவாகவே மாறும். ஆனால் இவ்வளவு ஆழமற்ற நீரில் அந்த மாற்றமே பரந்த திட்டுகளை மூடவும் வெளிக்காட்டவும் போதுமானது. வாடைக்காற்றுக் காலத்தில் கடல்மட்டம் உயர்ந்து, மழைநீரும் சேர்ந்து களப்பு நிறையும். சோளகம் வீசும் மாதங்களில் நீர் இறங்கி உப்புக் கூடும். இறாலின் வாழ்க்கை இந்த அசைவுகளோடு பிணைந்தது. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் நீரோட்டத்தோடு களப்புக்குள் வந்து, கடற்புல்லுக்குள் சில மாதம் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தை நோக்கி மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடந்து, இருட்டியதும் எழுந்து வற்றுநீரோடு வெளியேறுகின்றன. மீனும் அப்படியே. ஓரா, மணலை, திரளி, கிளக்கன் போன்றவை பெருக்கோடு திட்டுகளில் ஏறி மேய்ந்து வற்றோடு ஆழத்துக்கு இறங்கும். இங்கே மாலைத் தொழில் ஒரு பொழுதுபோக்கு விருப்பத்தால் உண்டாகவில்லை. பொழுதுபட்டால்தான் நீருக்குள் நடமாட்டம் தொடங்குகிறது.

அந்த நடமாட்டத்துக்கு ஏற்றபடி அமைந்ததே களங்கண்டி. களங்கட்டி என்றும் சொல்வார்கள். கரைப்பக்கத்திலிருந்து ஆழத்தை நோக்கி வரிசையாகத் தடிகளைச் சேற்றில் ஊன்றி, அவற்றில் வலையைக் கட்டி, நீளமான ஒரு சிறகை அமைக்கிறார்கள். வற்றோடு இறங்கி வரும் மீன் குறுக்கே நிற்கும் வலையைக் கண்டதும் அதை முட்டித் துளைக்கப் பார்ப்பதில்லை; ஆழம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக வலையோரமே நீந்துகிறது. சிறகின் முடிவில் வளைவாகக் கட்டிய அறைகள் இருக்கின்றன. நுழைவு வெளியே அகன்றும் உள்ளே ஒடுங்கியும் இருக்கும். உள்ளே புகுந்த மீன் மறுபடியும் வலையோரமே சுற்றுகிறது. ஒடுங்கிய வாயின் இரு விளிம்புகளும் உள்நோக்கி வளைந்திருப்பதால் அந்தச் சுற்று அதை வாயைக் கடந்து மறுபக்கம் கொண்டுபோகிறது, வெளியே விடுவதில்லை. தொழிலாளி மீனைத் துரத்தவில்லை. மீன் எப்படி யோசிக்கும் என்பதை முன்பே அறிந்து, அதன் வழக்கத்தையே அதற்கான வழியாக அமைக்கிறார். இந்த அமைப்பை எங்கே நடுவது என்பதில்தான் முழு அறிவும் இருக்கிறது. சிறகு நீரோட்டத்துக்கு நேர்குறுக்கே நின்றால் சாதாழை வந்து அடைத்துத் தடிகளைச் சாய்க்கும். மிகவும் சாய்ந்து நின்றால் மீன் திரும்பிவிடும். ஆழம் கூடினால் மீன் மேலாகப் போகும். குறைந்தால் அறையில் நீர் வற்றி மீன் செத்துப்போகும். நீரேற்றம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்துகிறது. ஆகவே எந்த இரவில் எத்தனை மணிக்கு வற்றுத் தொடங்கும் என்பதைத் திதியைக் கொண்டு கணிக்க வேண்டும். அட்டமி, நவமியில் நீரோட்டம் மந்தம். அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஓட்டமும் வலிது, இருட்டும் கெட்டி, இறாலும் கூடுதலாக நகரும். இதோடு சூள் கொளுத்தி மண்டாவால் குத்துவது, வீச்சுவலை எறிவது, தூண்டில் போடுவது என்று ஆழமற்ற நீரின் பிற மாலைத் தொழில்களும் இருந்தன. அவை ஒவ்வொன்றும் காற்று, நிலவு, நீரின் நிறம் ஆகியவற்றைப் பார்த்துச் செய்பவை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மலையில் மதிக்கப்பட்ட அறிவும் களப்பில் மதிக்கப்படாத அறிவும் ஒரே இனம் என்பது விளங்கும். ஒருவர் பூச்சியின் வாழ்வைப் படிக்கிறார். மற்றவர் இறாலின் வாழ்வைப் படிக்கிறார். ஒருவர் நீரோட்டத்தில் இழை இழுபடாமல் பார்க்கிறார். மற்றவர் நீரோட்டத்தில் சிறகு அடைபடாமல் பார்க்கிறார். இருவரும் தங்கள் ஆசையை அடக்கி மீனின் நேரத்துக்குக் காத்திருக்கிறார்கள். களங்கண்டிக்காரர் சுமக்கும் கணக்கு இன்னும் ஒருபடி கூடுதல். ஆற்றில் தூண்டில் போடுபவர் ஒரு மீனின் நடத்தையைக் கணித்தால் போதும். களப்பில் தொழில் செய்பவர் பல இனங்களின் நடமாட்டத்தையும், சந்திரனின் கணக்கையும், பருவக்காற்றையும், சேற்றின் உறுதியையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவர வேண்டும். தவறினால் மலைக்குப் போனவர் வெறுங்கையோடு விடுதிக்குத் திரும்புவார். மண்டைதீவில் தவறினால் வீட்டில் உலை ஏறாது.

அப்படியானால் ஒன்று ஏட்டில் ஏறி மற்றது ஏறாமல் போனது ஏன்? தீவகக் கடலைப் பற்றிய எழுத்துச் சான்றுகளை வரிசையாகப் பார்த்தால் விடை கிடைக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் வெளிநாட்டு வணிகரைப் பற்றியும், உடைந்த கப்பல்களின் பொருளில் அரசின் பங்கு எவ்வளவு என்பதைப் பற்றியும் பேசுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பலானால் காற்பங்கு, வணிகச் சரக்கு ஏற்றிவந்த கப்பலானால் அரைப்பங்கு பண்டாரத்துக்கு. போர்த்துக்கேயரும், 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரும், அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயரும் மீன்பிடியை வரியாகவும் குத்தகையாகவும் கணக்கில் வைத்தார்கள். அந்தக் கணக்கில் வருவது தொகை, தொழில் வராது. முத்துக்குளிப்பு பெரும் வருமானம் தந்ததால் அதற்கு மட்டும் விதிவிலக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்து, மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிகளைப் பற்றி ஐந்து பாகங்களில் அறிக்கை வெளியிட்டது. 1903 முதல் 1906 வரை வந்த அந்த அறிக்கை இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகிறது. ட்ரவுட் ஆட்சியாளரின் ஓய்வுநேரத்தோடு தொடர்புடையது. அதற்குக் கழகமும் பொரிப்பகமும் ஏற்பட்டன, 1938இல் இலங்கையின் அறிவியல் இதழில் ட்ரவுட் வளர்ப்பைப் பற்றிக் கட்டுரையும் வந்தது. ஆக, நம் கடலைப் பற்றிய அரச எழுத்து எண்ணூறு ஆண்டுகளாக இரண்டு கேள்விகளையே கேட்டிருக்கிறது: பண்டாரத்துக்கு எவ்வளவு, ஆள்பவருக்கு என்ன இன்பம்? மண்டைதீவின் இறாலுக்கு இந்த இரண்டு கேள்விகளிலும் இடமில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழும். அன்றைய அதிகாரிகள் எழுதியது அவர்களுக்குத் தெரிந்ததை. தொழிலாளர் எழுதாததை அவர்கள் எப்படி அறிந்திருக்க முடியும் என்று கேட்கலாம். இதற்குப் பதில் பாக்கு நீரிணையின் மறுகரையில் இருக்கிறது. இலங்கையின் முத்துப் படுகைகளில் பணியாற்றி, பின் சென்னை மாகாண மீன்வளத்துறையில் உயர்பதவி வகித்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920களில் சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளைத் தொகுத்து எழுதினார். வலைகளின் வடிவம், தோணிகளின் கட்டுமானம், அவற்றை இயக்கும் முறை எல்லாவற்றையும் கரையில் நின்று பார்த்தும் தொழிலாளரைக் கேட்டும் பதிந்தார். கேட்க விரும்பிய ஓர் அதிகாரி கேட்டு எழுதினார். ஆகவே முடியாமை இங்கே காரணமன்று. அக்கறை இருந்த இடத்தில் எழுத்து பிறந்தது. இல்லாத இடத்தில் பிறக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. நிலையாக நட்டு வைக்கும் வலை சிறு மீனையும் பிடிக்கும், களப்பின் வாயை அடைக்கும், தோணிப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்யும். இதைப் போற்றுவது பழமையின் மேல் உள்ள ஆசை என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. பருத்தி நூல் வலை போய், 1950களின் பிற்பகுதியிலிருந்து நைலோன் வந்தபின் கண் சிறுத்த வலையை மலிவாகக் கட்ட முடிந்தது. பின்னர் உறைய வைத்த இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை திறந்தது. குருநகர்ப் பக்கத்தில் இயந்திரப் படகுகள் மடிவலை இழுக்கத் தொடங்கின. களங்கண்டியைக் கட்டுப்பாடில்லாமல் பெருக்கினால் கேடு வரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டுப்பாடு இல்லாமைதான் கேட்டின் மூலம்; வலையின் வகை மூலமன்று. இதற்குச் சான்று நீர்கொழும்பில் உண்டு. அங்கே களப்பின் வாயில் இரவு வற்றில் இறால் பிடிக்கும் கட்டுவலைத் தொழிலை மீனவர் சங்கங்கள் முறைவைத்து நடத்தி வந்தன. யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டுவது என்பது சீட்டுக் குலுக்கியும் சுற்றுமுறையிலும் தீர்மானிக்கப்பட்டது. அந்த வழக்கத்தை அரசே ஏற்று 1958இல் சட்டவிதிகளாக வெளியிட்டது. கட்டுவலை ஒழுங்குக்கு உட்படாதது என்ற வாதத்தை இந்த ஒரு செய்தியே முறியடிக்கிறது. இதன் மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். தெற்கே மாவெல்லவில் கரைவலைகளின் முறை இருந்தும், புதிய வலைகள் புகுவதைத் தடுக்க முடியாமல் அந்தத் தொழில் நலிந்தது. எலினோர் ஒஸ்ட்ரோம் பொதுவளங்களைப் பற்றி 1990இல் வெளியிட்ட நூலில் அதைத் தோல்வியுற்ற உதாரணங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டார். வழக்கம் தானாகவே காக்கும் என்று நம்பிக் கைகட்டி இருக்கக் கூடாது. அதை அறிந்து, ஏற்று, வெளியார் தலையீட்டிலிருந்து காக்கும் அதிகாரமும் வேண்டும். நீர்கொழும்பின் வழக்கத்துக்கு அந்த ஏற்பு கிடைத்தது. அந்த ஏற்புக்கு முதற்படி அது எழுத்தில் இருப்பது.

மூன்றாவது மறுப்பு ட்ரவுட்டின் பக்கத்திலிருந்து வரும். தூண்டில்காரர் ஓடைகளைக் காத்தார்கள். 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரையை ஒட்டி ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை அழிப்பது தடுக்கப்பட்டதால்தான் ஹோர்ட்டன் சமவெளி தப்பியது. 1988இல் அது தேசியப் பூங்காவானது. இந்த மரபை நாம் மதிக்க வேண்டாமா என்பது அது. காட்டைக் காத்த முடிவு நல்ல முடிவுதான், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆயினும் காத்த காட்டுக்குள் ஓடிய நீரில் ஒரு வெளிநாட்டு ஊனுண்ணி மீனை விட்டதும் அதே ஆட்சிதான். உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு நன்னீர்க் கூனி இறால் இனம் ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் வாழ்கிறது; ட்ரவுட் அதை இரையாக்குவது அறிவியலாளரின் நீண்டநாள் கவலை. வெளிநாட்டு மீன் என்பதற்காகவே நான் குறை சொல்லவில்லை. 1952இல் ஆப்பிரிக்காவின் திலாப்பியா இலங்கைக் குளங்களுக்கு வந்தது. அது உள்நாட்டு நீர்நிலைகளில் ஏழை மக்களின் முக்கிய உணவு மீனாகிவிட்டது. அதற்கும் சூழலியல் விலை உண்டு. ஆனால் அந்த விலையைக் கொடுத்தவர்களுக்கே பயனும் கிடைத்தது. மலையில் கூனி இறாலும் ஓடையும் விலை கொடுத்தன, கழகம் பயன் பெற்றது. ஒரு மீன்பிடி வழக்கத்தை மதிப்பிடக் கேட்க வேண்டியது அதுதான்: விலை யாருடையது, பயன் யாருக்கு? அந்த அளவுகோலில் மண்டைதீவின் மாலைத் தொழில் தலை நிமிர்ந்து நிற்கும். அந்த நீரிலேயே பிறந்த உயிர்களை, அந்த நீரின் அசைவிலேயே, அந்தக் கரையின் மக்களே பிடித்து உண்டார்கள். மிஞ்சியதைப் பண்ணை கடந்து யாழ்ப்பாணச் சந்தைக்குக் கொடுத்தார்கள்.

எழுதாத அறிவு எளிதில் அழியும். அது மனிதர்களிடம் மட்டுமே இருக்கிறது, மனிதர்கள் அழிந்தால் அதுவும் போகும். 1986 ஜூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போன முப்பதுக்கும் மேற்பட்ட மீனவர்கள், பெரும்பாலும் குருநகரைச் சேர்ந்தவர்கள், கொல்லப்பட்டார்கள். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது மண்டைதீவு மக்கள் இடம்பெயர்ந்தார்கள், காணாமற்போனவர்களும் உண்டு. அதன்பின் ஆண்டுக்கணக்கில் வடகடலில் இரவுத் தொழிலுக்குத் தடையும், தூரக் கட்டுப்பாடும், இயந்திரக் கட்டுப்பாடும் நிலவின. இருட்டியதும் தொடங்க வேண்டிய தொழிலுக்கு இருட்டில் கடலுக்குப் போகாதே என்பது முழுத் தடையே. 2002இன் போர்நிறுத்தத்தோடு கட்டுப்பாடுகள் தளர்ந்தும், மீண்டும் இறுகியும், 2009இல் போர் முடிந்தபின் ஒருவாறு நீங்கின. அதற்குள் ஒரு தலைமுறையே தகப்பனோடு களத்துக்குப் போகாமல் வளர்ந்திருந்தது. எந்தத் திட்டில் எந்தத் திதியில் சிறகு எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதைக் கூடவே நின்று பார்க்காமல் கற்க முடியாது. ட்ரவுட் கழகத்தின் செயற்பாடு ஓய்ந்த பின்னும் அதன் மீனையும் முறையையும் பற்றிய எழுத்து எஞ்சியிருக்கிறது. விரும்பினால் யாரும் எடுத்துப் படித்து மறுபடி தொடங்கலாம். களங்கண்டிக்கு அந்தச் சேமிப்பு இல்லை.

இந்த இல்லாமை பழங்கதையோடு நின்றுவிடவில்லை. களப்பைப் பற்றிய பெரிய முடிவுகள் எடுக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் அது மேசைமேல் இல்லாத சாட்சியாக இருந்திருக்கிறது. 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டம் குடிநீர்ப் பஞ்சத்துக்கு நல்ல நோக்கத்தோடு பிறந்தது. குடாநாட்டின் நிலத்தடி நீர் உவர்வதைக் கண்ட எவரும் அதை எளிதில் ஒதுக்க மாட்டார்கள். ஆனால் உவர்நீர்க் களப்பை நன்னீராக்கினால் இறால் குஞ்சின் வளர்ப்பிடம் எவ்வளவு சுருங்கும் என்ற கேள்விக்கு, பரம்பரையாக அதில் தொழில் செய்தவர்களின் கணக்கே முதன்மையான சான்றாக இருந்திருக்க வேண்டும். தாம்போதிகள் தீவகத்தை நிலத்தோடு இணைத்தன. மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் அவை இன்றியமையாதவை. அவற்றின் கீழே நீர் போகும் வாய்கள் எத்தனை, எங்கே, எவ்வளவு அகலம் என்பது இறால் கடலுக்குத் திரும்பும் வழியைத் தீர்மானிக்கிறது. அண்மை ஆண்டுகளில் ஆழமற்ற திட்டுகளில் கடலட்டைப் பண்ணைகள் அடைக்கப்பட்டபோதும் இதே வாதப்பிரதிவாதம் எழுந்தது. ஒருபக்கம் வரைபடமும் அனுமதிக் கடிதமும். மறுபக்கம் இது எங்கள் பாட்டன் காலத்துக் களம் என்ற வாய்மொழி. எழுத்துக்கும் வாய்மொழிக்கும் இடையே வழக்கு வந்தால் அலுவலகத்தில் எழுத்தே வெல்கிறது. 2017இல் மடிவலை இழுவையைச் சட்டம் தடை செய்தது வரவேற்கத்தக்கது. ஆயினும் எதைத் தடுப்பது என்று சொல்லும் சட்டம், எதைக் காப்பது என்று சொல்ல வேண்டுமானால் காக்க வேண்டியதன் விவரம் அதன் முன்னால் இருக்க வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. மண்டைதீவு, குருநகர், அல்லைப்பிட்டி, வேலணை, பூநகரிக் கரைகளில் களங்கண்டி நட்ட முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். களங்களின் பெயர்கள், அவற்றின் எல்லை, ஆழம், எந்தக் காற்றில் எந்தக் களம் வாய்க்கும், எந்தத் திதியில் எந்த மீன், ஒரு களத்தின் உரிமை குடும்பத்தில் எப்படிக் கைமாறியது, தகராறு வந்தால் யார் தீர்த்தார்கள் என்பவற்றை அவர்களிடமிருந்து கேட்டு வரைபடத்தோடு பதிவு செய்ய வேண்டும். இதற்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும், தீவகத்தின் பாடசாலைகளும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்தால் போதும். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களில் அந்தப் பதிவு பாதுகாப்பாக இருக்கும். கனடாவிலும் பிரான்சிலும் வாழும் மண்டைதீவு மக்களிடமும் இந்த நினைவின் ஒரு பங்கு இருக்கிறது. அவர்களும் தங்கள் தகப்பன்மாரிடம் இப்போதே கேட்டு எழுதலாம். மலை ஓடையில் விட்ட அயல்நாட்டு மீனுக்கு இந்த நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட ஏடு இருக்கிறது. நம் களப்பில் பிறந்து நம்மை வளர்த்த இறாலுக்கும் அதைப் பிடித்த கைகளின் அறிவுக்கும் ஒரு ஏடு இந்தத் தலைமுறையிலாவது எழுதப்பட வேண்டும். அதை எழுதாமல் விட்டால், அடுத்த முறை களப்பைப் பற்றி முடிவெடுக்கும் மேசையிலும் நமக்கு இடமிருக்காது.